இடப்பக்கம் சாய்கிறவள்

கபஹிண்டாவைத் தூக்கிய நால்வரில் நான் இடது பின் மூலை. இதை ஏதோ மந்திரி பதவி போலச் சொல்லிக்கொண்டு, கேட்டவன் செலவில் சோளக் கள் குடித்துத் திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு.

தூக்கியதைப் பல்லக்கு என்று பிட்வாரி சொல்வான். மூங்கில் சட்டத்தில் நாணல் பின்னிய கூடை, அவ்வளவுதான். எங்கள் மலைகளில் நோயாளியும் மணப்பெண்ணும் பிணமும் போவது அதில்தான், எங்கோசி என்போம். மரப்பட்டைத் துணி ஒன்றை மேலே போர்த்தி, ந்யாபிங்கி இறங்குகிற பெண்ணை உள்ளே உட்கார வைத்துவிட்டால் அதுவே பல்லக்கு. துணியை எடுத்துவிட்டால் மறுபடி கூடை.

ந்யாபிங்கி எப்போதோ செத்துப்போன ராணி. அவள் ஆவி யார்மேல் இறங்குமோ அந்தப் பெண்தான் அவளுக்கு வாய். எங்கள் பக்கத்து மலைகளுக்கெல்லாம் அந்த வாய் கபஹிண்டா. அவள் முகத்தை நாங்கள் பார்க்கக் கூடாது. குடிசைக்கு வெளியே அவள் கால் மண்ணில் படக் கூடாது. அவளுக்குப் பிள்ளை கிடையாது; யாரையும் மகளே என்று அழைக்கவும் கூடாது. "ஊர் முழுக்க அவளுக்குப் பிள்ளைங்க. ஒருத்தியை மட்டும் மகள்னு சொன்னா மத்தவங்க வயிறு எரியாதா?" என்பான் பிட்வாரி.

இந்தப் பிட்வாரிதான் அவளுடைய காரியஸ்தன். ஆவி ஓர் ஆடு கேட்டால், அவன் வாய் வழியாக வெளியே வருவதற்குள் அது இரண்டாகிவிடும். இருமினால்கூட ஆவியின் சார்பில்தான் இருமுவான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி மூன்றாவது குழந்தையையும் குழியில் வைத்துவிட்டு கபஹிண்டாவின் குடிசைத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோது, உள்ளிருந்து வந்த கீச்சுக் குரல் ஆடு கேட்கவில்லை. "வீட்டுக்குப் போ. பட்டாணி வேகவெச்சு தண்ணியைக் குடி. அழணும்னா அழு. யாராவது போதும்னு சொன்னா நான் சொன்னேன்னு சொல்லி இன்னும் அழு," என்றது. பிட்வாரிக்கு அன்று முழுவதும் முகம் சரியில்லை. என் மனைவி ஒரு மாதம் அழுதாள். பிறகு எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். எந்த ராணியின் ஆவியோ, யாருடைய குரலோ, எனக்குத் தெரியாது.

அவள் முகம் எனக்குத் தெரியாதே தவிர எடை தெரியும். கபஹிண்டா எப்போதும் இடப்பக்கம், பின்னால் சாய்ந்து உட்காருவாள். இடுப்பில் ஏதோ பழைய வலியாம். மற்ற மூவருக்கும் தோளில் காய்ப்பு. எனக்குப் பள்ளமே விழுந்திருந்தது. சோளம் நன்றாக விளைந்த ஒரு வருஷம், செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்க, முன்னால் போன பகாம்பாகியிடம் முணுமுணுத்தேன்: "தெய்வத்துக்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல்டா."

கூடைக்குள் ஒரு சிரிப்பு. ஆவியின் சிரிப்பு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத பெண்பிள்ளைச் சிரிப்பு. பதினோரு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

அவளோடு குடிசைக்குள் இருந்தவள் கென்யாங்கி. தொலைந்த பசு திரும்பி வந்ததற்காக அவளுடைய அப்பன் ஐந்து வயதில் ந்யாபிங்கிக்கு நேர்ந்துவிட்ட பெண். பசு மறு வருஷமே செத்தது. பெண் இங்கேயே வளர்ந்தாள். தண்ணீர் எடுப்பாள், கணப்பு மூட்டுவாள், மண்ணையே தொடாத அந்தக் கால்களுக்குத் தினமும் வெண்ணெய் தடவுவாள். வறுத்த பட்டாணியை மடியில் கட்டிக்கொண்டு, கூடைக்குப் பின்னால் கொறித்தபடியே நடந்து வருவாள். "ஏ எலி, எங்களுக்கும் ரெண்டு போடு," என்பான் பகாம்பாகி. "தெய்வத்தைத் தூக்குறவன் பிச்சை எடுக்கலாமா மாமா?" என்பாள். அவளுக்குப் பதினாறு வயதானபோதுதான் சர்க்கார் எங்களைத் தேடி வந்தது.

சர்க்கார் என்றால் கபாலே முகாமில் ஒரு வெள்ளைக்கார துரை. அவருக்குக் கண், காது, நாக்கு எல்லாமாகக் கலூலே. கலூலே கிழக்கே இருக்கிற புகாண்டா ராஜ்யத்துக்காரன். வெள்ளை அங்கி, கறுப்புக் குடை. வெயிலே இல்லாத எங்கள் மலையில் குடையை விரித்தபடிதான் நடப்பான். சாலை போடப் போக வேண்டாம் என்று கபஹிண்டாவின் ஆவி சொல்லியிருந்தது. அதனால் அவளைப் பிடித்து வரச் சொல்லி உத்தரவு.

கலூலே போலீஸ்காரர்களோடு வந்த காலையில் கபஹிண்டா உண்ணிக் காய்ச்சலில் மூன்றாம் நாளாக நினைவில்லாமல் கிடந்தாள். எங்களுக்கு அது தெரியாது. திரையை விலக்கி, துணி போர்த்திய உருவத்தைப் பிட்வாரி கைத்தாங்கலாகக் கூடையில் ஏற்றினான். தூக்கினோம்.

தோளில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. லேசு.

"என்னண்ணே, தெய்வம் இளைச்சுப்போச்சா?" என்றான் பகாம்பாகி.

"மூடிக்கிட்டு நட."

காய்ச்சலில் இளைத்திருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்த முடியவில்லை. எடை நடுவில் இருந்தது. விறைத்து, நேராக. முதல் ஏற்றம் வந்தது, இரண்டாம் ஏற்றம் வந்தது, சாயவில்லை. ஓடை தாண்டும்போது நாணல் இடுக்கைப் பற்றிய ஒரு விரல் தெரிந்தது. சின்ன விரல், நகத்தடியில் வெண்ணெய் அழுக்கு. எங்களுக்குப் பின்னால் பட்டாணி கொறிக்கிற சத்தமும் இல்லை.

வழியெல்லாம் ஜனம் மண்டியிட்டுக் கைதட்டியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் யாரிடம் சொல்வது? முன்னால் குடை போகிறது, பின்னால் துப்பாக்கி வருகிறது.

அன்று மாலை வழியில் தங்கிய இடத்தில், கூடவே வந்திருந்த பிட்வாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "உன் முழியே சரியில்ல கடபாசி. அந்தப் பொண்ணு தானாத்தான் கேட்டுச்சு. அம்மா கண்ணு முழிக்கிறதுக்குள்ள திரும்பி வந்துடறேன்னுச்சு. துரை ரெண்டு வார்த்தை திட்டுவாரு, அனுப்பிடுவாரு. வெள்ளைக்காரன் ஒரு பொம்பளைய வெச்சு என்ன பண்ணப்போறான்?"

வெள்ளைக்காரன் என்ன பண்ணுவான் என்பதைப் பிட்வாரி முன்கூட்டியே கணித்தது வாழ்க்கையில் அது ஒரே தடவை, அதுவும் தப்பு. துரை அவளை முகாமின் சாமான் குடிசையில் அடைத்தார். இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது, ஏரிகளுக்கு அப்பால் தூரத்துக்கு அனுப்பு என்று எழுதினார். எங்கள் நால்வரையும் வந்ததுதான் வந்தீர்கள் என்று சாலை வெட்டப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பகலில் மண் வெட்டினோம். பொழுது சாய்ந்ததும் முகாமைச் சுற்றிக் கூடியிருந்த பக்தர்களிடம் தோளைக் காட்டிக் கள் குடித்தோம். குடிக்கும்போது, குடிசைக்குள் இருப்பது கென்யாங்கி என்பது எனக்கு மறந்துபோகும்.

ஏழாம் நாள் நடுப்பகலில் ஒரு பெண் வந்தாள். நாற்பதுக்கு மேல் வயது, மழித்த தலை, பழைய ஆட்டுத்தோல் உடுப்பு. அவள் நடையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கொதிக்கிற அடுப்பின்மேல் நடப்பதுபோல ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தாள். கணுக்காலுக்குக் கீழே இரத்தமும் சேறுமாக இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை நாள் நடை.

துரை தாழ்வாரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கலூலே பக்கத்தில். அவள் நேரே போய்ப் படிக்குக் கீழே நின்றாள்.

"நான்தான் கபஹிண்டா. நீங்க தேடின ஆள் நான்தான். உள்ள இருக்கிறது சின்னப் பொண்ணு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை எடுத்துக்கிட்டு அதை விட்டுருங்க."

கலூலே குடையால் அவளைச் சுட்டினான். "நீ தெய்வம்னா நான் யாரு, துரைக்கு மாமனாரா?"

கூட்டம் சிரித்தது. நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். முகம் தெரியாது, ஆனால் அந்தக் குரலின் அடியில் ஏதோ ஒன்று தெரிந்தது.

கலூலே தமாஷை நீட்டிக்க விரும்பினான். "பிட்வாரி! துணிக்குள்ள பார்த்தவன் நீ ஒருத்தன்தானே? இதுவா உங்க தாய்?"

"இல்லீங்க. இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு பிட்வாரி," என்றாள் அவள்.

பிட்வாரி குடையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி, ஆடிக் காட்டு," என்றான் கலூலே. "ஆவியை வரச் சொல்லு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். காத்திருந்தோம். புண்ணில் ஈ மொய்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. "தெய்வம் களை எடுக்கப் போயிருக்கும்," என்றான் ஒரு போலீஸ்காரன். அவள் கண்ணைத் திறந்தாள். "கூப்பிட்ட நேரத்துக்கு வர அவ என்ன நாய்க்குட்டியா?" என்றாள். உடனேயே குரல் உடைந்தது. "ஐயா, அது ராத்திரியில பயப்படும். தனியாப் படுத்ததே இல்ல. என் மகளை விட்டுருங்கய்யா."

என் மகள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. மண்டியிட்டிருந்த ஒரு கிழவன் எழுந்து காறித் துப்பினான். "ந்யாபிங்கிக்கு ஏதுடி மகள்? பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா?" ஜனத்துக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. மலை மலையாகப் போய் நாங்கள் பரப்பிய விதி அது. அவள் வாயிலிருந்து வந்த அந்த உண்மையை வைத்தே அவளைப் பொய்க்காரியாக்கிவிட்டோம்.

"தூக்கினவங்களைக் கேளுங்க," என்றாள் அவள். எங்கள் பக்கம் திரும்பினாள். எங்களில் யார் யார் என்று அவளுக்கும் தெரியாது; நாணல் இடுக்கு வழியாக முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருப்பாள். "உங்கள்ல ஒருத்தன் சொன்னான், தெய்வத்துக்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல்னு. நான் சிரிச்சுட்டேன். அவன் தோளுக்குத் தெரியும்."

கலூலேக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூடையைக் கொண்டுவரச் சொன்னான். "தூக்கிப் பாருங்கடா. ஆனா ஒண்ணு. ஆள் மாத்திக் கொண்டாந்திருந்தா கொண்டாந்தவன் முதுகுல தோல் இருக்காது."

அவளை உட்கார வைத்தோம். தூக்கினோம்.

காய்ச்சலும் நடையும் அவளைப் பாதியாக்கியிருந்தன. ஆனாலும் கம்பு தோளில் உட்கார்ந்த அந்தக் கணமே அவள் இடப்பக்கம், பின்னால் சாய்ந்தாள். பள்ளம் நிரம்பியது. பகாம்பாகி திரும்பி என்னைப் பார்த்தான். நால்வருக்கும் தெரியும்.

இறக்கினோம். கலூலே வரிசையாகக் கேட்டான். முதல் ஆள் இல்லை என்றான். இரண்டாம் ஆள் இல்லை என்றான். பகாம்பாகி தரையைப் பார்த்து இல்லை என்றான்.

என் முறை வருவதற்குள் சாமான் குடிசையிலிருந்து அந்தக் கீச்சுக் குரல் கேட்டது. வாசலில் துணி போர்த்திய உருவம் நின்றது. காவல்காரன் விலகி மண்டியிட்டிருந்தான்.

"அந்தப் பொம்பளையை வீட்டுக்கு அனுப்புங்க," என்றது குரல். "அவளைத் திட்டாதீங்க. கால் வீங்கியிருக்கு. வெண்ணெய் போடச் சொல்லுங்க."

கூட்டம் மொத்தமாக மண்ணில் விழுந்தது. பொய் சொன்னவளுக்கும் இரங்குகிறாளே என்று சிலர் வாய்விட்டு அழுதார்கள். எனக்குத் தெரிந்து ந்யாபிங்கி இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அருள்வாக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. விழாமல் நின்றவள் ஒருத்திதான்.

"கென்யாங்கி," என்றாள். சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

"நீ என்னடா சொல்றே?" என்று கலூலே என்னைக் கேட்டான். துரை தலையைத் தூக்கி, எவ்வளவு நேரம் ஆகும் என்பதுபோல் பார்த்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். இவன்தான் என்று அப்போது கண்டுகொண்டாள்.

"இல்லீங்க," என்றேன். "இது வேற பொம்பளை."

அதற்கு மூன்றாம் நாள் கென்யாங்கியைக் கொண்டுபோனார்கள். கூடையில் இல்லை, துரைக்கு அந்த வேடிக்கையெல்லாம் பிடிக்காது. நடத்தியே கொண்டுபோனார்கள். துணி முகத்தை மூடியிருக்க, தடுக்கித் தடுக்கிப் போனாள். தெய்வத்தின் கால் மண்ணில் பட்டுவிட்டதே என்று சாலையின் இருபுறமும் ஜனம் அலறியது. ஒரு பெண்பிள்ளை வழி தெரியாமல் நடக்கிறதே என்று அலறியவள் ஒருத்திதான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வரப் பார்த்தாள். "ஓரமாப் போம்மா, மறைக்காதே. நாங்க தாயைப் பார்க்க வேணாமா?" என்று இடித்துத் தள்ளினார்கள். விழுந்தாள். எழுவதற்குள் அந்தத் துணி சாலை வளைவில் மறைந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துச் செய்தி வந்தது. பூசாரிப் பெண் ஏதோ வயிற்று நோயில் செத்துவிட்டாள், புதைத்தாகிவிட்டது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பிட்வாரி பெரிய துக்கம் கொண்டாடினான். ஊர் எல்லையில் அவளுக்கு ஓர் ஆவிக் குடிசை கட்டினான். முன்னைவிட இப்போது ஆடுகள் அதிகம் வந்தன. இல்லாத தெய்வம் குறுக்கே பேசுவதில்லை அல்லவா?

கபஹிண்டா எங்கள் மலைச்சரிவில் ஒரு பாழ் குடிசையில் இருந்தாள். அவளை யாருக்கும் தெரியாது. முகாமில் வந்து பொய் சொன்ன கிறுக்கி என்று மட்டும் தெரியும். அடுத்தவர் நிலத்தில் மண்வெட்டி பிடித்து, கொடுத்த பட்டாணியை வாங்கிக்கொள்வாள். முதல் வருஷம் பெண்கள் அவள் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். "எந்த ராணி வீட்டுல வளர்ந்தே, கொப்புளம் இப்படி வருது?"

ஒரு நாள் அந்த ஆவிக் குடிசைக்கு அவளும் வந்தாள். எல்லோரும் ஆடும் கள்ளும் கொண்டுவந்த இடத்தில் ஒரு பிடி வறுத்த பட்டாணியை வைத்தாள். "கென்யாங்கி, சாப்பிடு," என்றாள். பிட்வாரி பாய்ந்து வந்தான். "யார் பேரை இங்க சொல்றே? இது தாயோட இடம். வேலைக்காரி பேரெல்லாம் இங்க சொல்லக் கூடாது." பட்டாணியைக் காலால் ஒதுக்கினான். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் குனியத் தோன்றியது; குனியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு கூடை அவரைக்காய் எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போனேன். வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா, நல்ல விளைச்சல்காரா," என்றாள்.

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "தாயி, நான் உண்மையைச் சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரையுமே பிடிச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணே உங்களைக் காப்பாத்தத்தானே..."

"ஆமா, நீ அந்தக் கிறுக்கியைக் காப்பாத்தினேன்னு கள்ளுக் கடையில பேச்சாமே." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "ரெண்டு பேரையும் பிடிச்சிருந்தா ரெண்டு பேரா போயிருப்போம்டா. அதுக்குத்தானே நடந்து வந்தேன்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாக அந்த நாள்வரை தோன்றவில்லை.

ஆவி இப்போது வருவதுண்டா என்று கேட்டேன். மடத்தனமான கேள்விதான்.

"இல்ல. அது அவ கூடவே போயிருக்கும். பதினாறு வயசுப் பொண்ணு, தனியா எப்படிப் போகும்? கூடப் போயிருக்கும்." முறத்தைக் கீழே வைத்தாள். "போயிருக்கும்தானே?"

"போயிருக்கும் தாயி."

"நீ சொன்னா நம்ப மாட்டேன்," என்றாள். அவரைக்காயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் கழித்து, களை எடுக்கப் போன இடத்தில் பள்ளத்தாக்கு வயலிலேயே விழுந்து செத்தாள். செத்தவர் யாராக இருந்தாலும் முறை வந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் கூடை தூக்க வர வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு, கிறுக்கிக்கும் அதேதான். இளவட்டங்கள் மூன்று பேர் சலித்துக்கொண்டே வந்தார்கள். "தாத்தா, நீங்க எதுக்கு? இது தூக்கி ஏத்துற வயசா?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு அப்போது ஐம்பதுதான். நான் காதில் வாங்காமல் இடது பின் மூலையில் போய் நின்றுகொண்டேன்.

மரப்பட்டைத் துணி இல்லை. ஒரு பழைய பாயைப் போர்த்தினார்கள். தூக்கினோம். ஒன்றுமே இல்லை. கென்யாங்கி அன்று இருந்ததைவிட லேசாக இருந்தாள். "கிழவி கூடையை விட்டு இறங்கிட்டாளா என்ன?" என்று முன்னால் போனவன் சிரித்தான். சமதரை முழுக்க என் தோளில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை.

ஏற்றம் தொடங்கியது. கூடைக்குள் ஏதோ மெல்ல நகர்ந்தது. கம்பு அழுந்தியது. பின்னால், இடப்பக்கம்.

ஏற்றத்தில் பிணம் பின்னால் சரியும். பாதை இடப்பக்கம் சாய்வு. காரணம் அவ்வளவுதான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாதி மலையில் இளைஞன் ஒருவன் தோள் மாற்றிக்கொள்ளக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

"அழுறீங்களா தாத்தா?" என்றான். "உங்களுக்கு என்ன உறவு?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "யாரோ பொம்பளை."